பனவடலிசத்திரத்தில் அழுத்தம் எங்கே?

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். பெயரில் எட்டு உயிரொலிகள். பேருந்து நடத்துனர் அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். எந்த எழுத்தையும் தூக்கிப் பிடிக்கவும் மாட்டார், எதையும் விழுங்கவும் மாட்டார். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதித் தமிழே கேட்டிராத ஒரு லண்டன்காரரிடம் நீட்டிப் பாருங்கள். எழுத்துகளைக் கூட்டிப் படிக்க அவருக்குத் தெரியும். அவர் தயங்குவது வேறு காரணத்துக்காக: இவ்வளவு நீளமான சொல்லில் எந்த இடத்தில் அடித்துச் சொல்வது?

இதன் மறுபக்கம் நமக்கு நன்றாகவே தெரியும். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பையன், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் 'ஃபோட்டோகிராஃபர்' என்கிறான். எழுத்து ஒன்றுகூடத் தவறவில்லை. எதிர்முனையில் 'என்ன?' என்ற கேள்வி வருகிறது. அவன் இன்னும் உரக்க, இன்னும் நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறான். எதிர்முனைக்கு இன்னும் குழப்பம். ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொன்ன பிறகும் ஒரு சொல் புரியாமல் போவது எப்படி?

விடை இரண்டு படிகளில் இருக்கிறது. நீளச் சொல்லை எங்கே வெட்டுவது என்பது முதல் படி. வெட்டிய துண்டுகளில் எதன்மேல் பாரத்தை வைப்பது என்பது இரண்டாவது.

முதலில் துண்டு. ஓர் உயிரொலியும் அதை ஒட்டி முன்னும் பின்னும் வரும் மெய்களும் சேர்ந்து வாயிலிருந்து ஒரே தள்ளலில் வெளிவரும் அளவை மொழியியலில் 'அசை' என்கிறார்கள். யாப்பிலும் அசை இருப்பதால் இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். யாப்பருங்கலக்காரிகை படித்தவர்களுக்கு நேரசை, நிரையசை தெரியும். நிரையசைக்குள் இரண்டு உயிர்கள் இருக்கும். ஆகவே அது ஒலியளவில் இரண்டு துண்டு. குழப்பம் வராமல் இருக்க, ஒலியின் துண்டை இந்தக் கட்டுரையில் 'ஒலியசை' என்கிறேன்; யாப்பு பேசாத இடத்தில் வெறும் 'அசை' என்றாலும் அதுதான். பனவடலிசத்திரத்தில் எட்டு ஒலியசைகள்: ப, ன, வ, ட, லி, சத், தி, ரம். யாப்பின் கணக்கில் அது பன, வட, லிசத், திரம் என நான்கு நிரையசை. பலகையில் எழுதியிருக்கிறபடியே அலகிட்டால் கருவிளநறுநிழல் என்ற வாய்பாடு அப்படியே பொருந்தும். நான்கும் நிரையாக ஒரே சீரில் நிற்கிற ஊர்ப்பெயர்கள் அதிகம் இருக்காது.

தமிழ் எழுத்து நமக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. உயிர்மெய் எழுதும்போதே பாதி வெட்டு முடிந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தில் மெய்யும் உயிரும் தனித்தனியாக வரிசையில் நிற்பதால், நடுவில் மூன்று நான்கு மெய்கள் சேர்ந்து வரும்போது எது முன்துண்டோடு போகும், எது பின்துண்டோடு போகும் என்பது பெரிய கேள்வி. மொழியியலார் பெரும்பாலும் ஏற்கும் விதி எளிமையானது: பின்னால் வரும் உயிருக்கு முடிந்த அளவு மெய்களைக் கொடு. ஆனால் அந்த மெய்க்கூட்டம் அந்த மொழியில் ஒரு சொல்லின் தொடக்கமாக வரக்கூடியதாக இருக்க வேண்டும். 'எக்ஸ்ட்ரா' என்ற சொல்லில் 'ஸ்ட்ர' என்ற கூட்டம் 'ஸ்ட்ரீட்' என்ற சொல்லின் தொடக்கத்தில் வருகிறது. அதனால் வெட்டு 'எக்' என்பதற்குப் பிறகு விழும்.

இதே விதியைத் தமிழுக்குப் போட்டால் முடிவு தலைகீழாகும். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்தே வரும் இலக்கணம். எனவே தமிழ் நாக்கு முதல் மெய்யை முன்துண்டில் தள்ளிவிட்டு, 'சத்-தி-ரம்' என்று வெட்டுகிறது. வெட்ட முடியாத இடத்தில் ஓர் உயிரைச் செருகுகிறது. ஸ்கூல், 'இஸ்கூல்' ஆவது இப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரே ஒலியசையாக இருக்கும் சொல் நம்மிடம் 'ஃபிலிம்' என்று இரண்டாகிறது. ரோடு, கார்டு, போர்டு, பேங்கு என்று கடைசியில் ஒரு குற்றியலுகரம் ஒட்டிக்கொள்கிறது. இதையெல்லாம் கொச்சை என்று சிரிப்பவர்கள் உண்டு. கொச்சை ஒன்றுமில்லை, மொழிமுதல், மொழியிறுதி இலக்கணம் அந்நியச் சொல்லின்மேல் வேலை செய்கிறது. ஆனால் இதனால் ஒரு விளைவு உண்டு. ஒலியசைகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. ஆங்கில அழுத்தம், பின்னால் வரப்போகிறபடி, நீளச் சொற்களில் பெரும்பாலும் கடைசியிலிருந்து எண்ணிப் போடப்படுவது. எண்ணிக்கை மாறினால் இடமும் மாறும்.

எங்கே வெட்டுவது என்பதில் ஆங்கிலேயர்களுக்கும் அமெரிக்கர்களுக்குமே ஒத்த கருத்து இருந்ததில்லை. 1783-ல் வெளிவந்த தம் எழுத்துக்கூட்டு நூலில் நோவா வெப்ஸ்டர், பழைய பாடநூல்கள் 'ஹா-பிட்' என்று வெட்டிய சொல்லை 'ஹாப்-இட்' என்று உச்சரிப்புக்கு நெருக்கமாக வெட்டினார். வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது அமெரிக்க அச்சகங்கள் ஒலியைப் பார்த்தன. பிரிட்டிஷ் அச்சகங்கள் சொல்லின் பிறப்பைப் பார்த்தன. பன, வடலி, சத்திரம் என்று பொருள் பார்த்து உடைப்பதற்கும், எட்டு ஒலியசையாக உடைப்பதற்கும் இருக்கிற வேறுபாடுதான் அது. கணினி வந்தபோது இந்த வழக்கு மீண்டும் எழுந்தது. டொனால்டு கனூத் உருவாக்கிய 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக, அவருடைய மாணவர் ஃபிராங்க் லியாங் 1983-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேட்டைக் கொடுத்தார். ஒரு கையடக்க அகராதியின் சொற்களிலிருந்து 4447 எழுத்து வடிவங்களைப் பிரித்தெடுத்தார். அவற்றைக் கொண்டு, அகராதி அனுமதித்த வெட்டுகளில் 89 விழுக்காட்டைக் கணினி தானே கண்டுபிடித்தது. அடங்காத வெறும் 14 சொற்களைத் தனிப் பட்டியலில் வைத்தார்கள். தாறுமாறு என்று நாம் சலித்துக்கொள்ளும் ஆங்கில எழுத்துக்கூட்டுக்குள்ளும் இவ்வளவு ஒழுங்கு ஒளிந்திருந்தது.

இனி அழுத்தம். ஃபோட்டோகிராஃப் என்ற சொல்லில் முதல் ஒலியசை ஓங்கி நிற்கும். ஃபோட்டோகிராஃபர் என்று ஆளாக்கினால் பாரம் இரண்டாவதற்குப் போய்விடும். ஆங்கிலேயர் வாயில் அது ஏறத்தாழ 'ஃப-டாக்-ர-ஃபர்'. ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதற்குத் தாவும். வேர் ஒன்றுதான், வால் மாற மாற பாரம் வலப்பக்கம் நகர்கிறது. கூடவே உயிர்களும் உருமாறுகின்றன. முதல் சொல்லில் தெளிவாகக் கேட்ட 'ஓ', இரண்டாவது சொல்லில் காணாமல் போய், வாயைச் சும்மா திறந்தால் வரும் ஒரு மங்கல் ஒலியாகிவிடுகிறது. அதை 'மழுங்குயிர்' என்று சொல்லலாம். அகரமும் இல்லை, இகரமும் இல்லை, நாக்கு ஓய்வாகக் கிடக்கும்போது வரும் ஒலி அது. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிர் இதுதான். ஆனாலும் அதற்கென்று ஆங்கில நெடுங்கணக்கில் ஓர் எழுத்து இல்லை. அந்த மொழியின் எழுத்துக்கூட்டுத் தொல்லைகளில் பாதிக்கு இதுவே காரணம்.

மினிபஸ் கடைசிப் பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெஞ்சில் ஒருவர் காலை அகட்டி உட்கார்ந்துகொள்கிறார். மற்ற நால்வரும் மிச்ச இடத்தில் நெருக்கியடித்து, பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் வருகிறார்கள். தமிழ்ப் பெஞ்சில் ஒவ்வொருவரும் டிக்கெட் வாங்கியவர்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. யாரும் யார் இடத்தையும் பிடுங்குவதில்லை. தொலைபேசியில் தவித்த பையன் செய்தது, ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பெஞ்சைப் போட்டது. எல்லா ஒலியசையையும் சமமாக, தெளிவாக உட்கார வைத்தான். கேட்டவருக்கு அகட்டி உட்கார்ந்தவரைக் காணோம். அவரை வைத்துத்தான் கேட்பவர் பெஞ்சையே அடையாளம் காண்பார்.

தமிழிலும் ஒலி குறுகும், நம் இலக்கணக்காரர்கள் அதை நுட்பமாகவே பார்த்திருக்கிறார்கள். நாக்கு, மாடு என்ற சொற்களின் கடைசி உகரம் அரை மாத்திரையாகத் தேய்வதைக் குற்றியலுகரம் என்று தொல்காப்பியம் பிரித்துக் காட்டியது. ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று அந்தக் குடும்பம் பெரியது. 'தலை' பேச்சில் 'தல' ஆவதும் அதன் நீட்சி. ஆனால் இந்தக் குறுக்கங்கள் எல்லாம் இடத்தையும் பக்கத்தில் நிற்கும் எழுத்தையும் பொறுத்தவை. பக்கத்து அசை ஓங்கியதால் இது நசுங்கியது என்று எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நடப்பது அதுதான்.

சரி, ஓங்கி நிற்கிறது என்றால் என்ன? உரக்கச் சொல்வதா? பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். அழுத்தம் என்ற பெயரே அப்படி நினைக்க வைக்கிறது. இதைச் சோதனை போட்டுப் பார்த்தவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டென்னிஸ் ஃபிரை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் பெயராகவும் வினையாகவும் வரும் சொற்கள் உண்டு. 'பெர்மிட்' என்ற சொல்லில் முதல் அசை ஓங்கினால் அனுமதிச் சீட்டு, இரண்டாவது ஓங்கினால் அனுமதிப்பது. சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், கான்ட்ராக்ட், டைஜெஸ்ட் எல்லாம் இந்த வகை. ஃபிரை இந்தச் சொற்களை மனிதக் குரலில் பதியாமல் கருவியால் செயற்கையாக உண்டாக்கினார். ஒன்றில் முதல் உயிரின் நீளத்தைச் சற்றுக் கூட்டுவார், இன்னொன்றில் அதன் உரப்பை மட்டும் கூட்டுவார். கேட்பவர் சொல்ல வேண்டியது ஒன்றே: இது பெயரா, வினையா? 1955-ல் அவர் வெளியிட்ட முடிவில், உரப்பைவிட நீளத்துக்கே காது அதிகம் செவிசாய்த்தது. 1958-ல் சுருதியையும் சேர்த்துச் சோதித்தபோது, சுருதி ஏறி இறங்குவது வலுவான அடையாளம் என்று தெரிந்தது. உரக்கச் சொல்வதற்கு இவற்றுக்குப் பின்னால்தான் இடம். ஆகவே தொலைபேசியில் குரலை உயர்த்துவது வீண். ஓர் அசையை நீட்டி, சுருதியை ஏற்றி, மற்றவற்றை மழுங்கவிட வேண்டும்.

நமக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தமிழில் நீளத்துக்கு ஏற்கனவே வேறு வேலை இருக்கிறது. படம், பாடம்; கல், கால்; விடு, வீடு. நீட்டினால் சொல்லே மாறிவிடும். ஆங்கிலம் நீளத்தை எடுத்து அழுத்தத்துக்குச் செலவழிக்கிறது, நாம் அதையே சொல்லைச் சொல்லிலிருந்து பிரிப்பதற்குச் செலவழித்துவிட்டோம். எனவே நம் காது நீளத்தைக் கேட்கும்போது 'இது நெடில்' என்று கணக்கு வைக்குமே தவிர, 'இங்கே பாரம் விழுந்திருக்கிறது' என்று எண்ணாது.

இது வெறும் ஊகம் இல்லை. எஸ்தர் கிராபேயும் லோ ஈ லிங்கும் 2002-ல் 18 மொழிகளைப் பதிவுசெய்து, அடுத்தடுத்து வரும் உயிர்களின் நீளம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்தார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு 57.2 வந்தது. ஸ்பானிய மொழிக்கு 29.7. அங்கே உயிர்கள் கிட்டத்தட்ட ஒரே நீளம். தமிழுக்கு வந்த எண் 55.8, ஆங்கிலத்துக்குப் பக்கத்து வீடு! அழுத்தத்தால் உயிர்களைக் கூட்டிக் குறைக்கும் மொழிக்கும், குறில் நெடிலால் கூட்டிக் குறைக்கும் மொழிக்கும் அளவுகோல் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறது. மொழிக்கு ஒரே ஒருவரின் குரலைத்தான் எடுத்தார்கள் என்பதால் புள்ளியைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீளம் தமிழில் எவ்வளவு ஓயாமல் உழைக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. தமிழில் சொல்லழுத்தம் என்று ஏதாவது உண்டா என்பது தனி வழக்கு. எலினார் கீன் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, சொல்லின் முதல் அசையை ஒட்டிச் சுருதி அசைவதைக் காட்டியது. ஆனால் அது எப்போதும் முதலிலேயே இருப்பதால், இந்தச் சொல்லா அந்தச் சொல்லா என்று பிரிக்கும் வேலை அதற்கு இல்லை.

வேலை இல்லாத ஒன்றைக் காது கவனிக்காமல் விட்டுவிடும். பிரெஞ்சில் அழுத்தம் சொல்லைப் பிரிக்காது. இம்மானுவல் டூப்பூவும் கூட்டாளிகளும் 1997-ல் பிரெஞ்சுக்காரர்களையும் ஸ்பானியர்களையும் உட்கார வைத்து, 'வாசுமா' போன்ற பொருளற்ற சொற்களை அழுத்தத்தை மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். ஸ்பானியர்கள் எளிதாகப் பிரித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திணறினார்கள். அவர்கள் காதில் பழுது எதுவும் இல்லை, அந்த வேறுபாட்டை நினைவில் வைக்கும் பழக்கம்தான் இல்லை. இந்தப் பழக்கம் எவ்வளவு சீக்கிரம் படிகிறது என்பதுதான் வியப்பு. ஆன் கட்லர் பங்கேற்ற 1993-ஆம் ஆண்டு ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் முதலசை ஓங்கும் சொற்களையே அதிக நேரம் கேட்டன. ஆறு மாதக் குழந்தைகளிடம் அந்த விருப்பம் இல்லை. ஒரு சொல்கூடப் பேசாத வயதில், இடைப்பட்ட மூன்று மாதத்தில் காது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சாய்வதற்குக் காரணம் உண்டு. பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எங்கே ஒரு சொல் தொடங்குகிறது என்று காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கில உரையாடலில் பொருளுள்ள சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது, மழுங்காத ஓர் அசையில் தொடங்குகின்றன என்று கட்லர் 1987-ல் எண்ணிக் காட்டினார். ஆங்கிலேயர் காது இதை நம்பி, ஓங்கிய அசை வந்தால் புதுச் சொல் வந்ததாக வைத்துக்கொள்கிறது. நம்பிக்கை சில நேரம் காலை வாரும். 'கண்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்' என்று மெல்லிய குரலில் ஒலிக்கவிட்டபோது, டாக்டர் பில் அனுப்புவதைப் பற்றிய வாக்கியம் என்று கேட்டு எழுதினார்களாம். சொற்கள் எல்லாம் மாறிவிட்டன. ஓங்கிய அசைகள் மட்டும் அவை இருந்த இடத்திலேயே இருந்தன. நம் பையனின் ஆங்கிலம் ஏன் புரியவில்லை என்பது இப்போது விளங்கும். எல்லா அசையும் ஓங்கி வந்தால், கேட்பவர் காதுக்கு எல்லா இடமும் சொல்லின் தொடக்கம்தான்.

அழுத்தம் எங்கே விழும் என்பதற்கு விதி உண்டா? உண்டு, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே. ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானியச் சொற்கள் முதலசையில் ஓங்குபவை. 1066-ல் நார்மண்டியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன, பிறகு அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் அள்ளிக் கொண்டுவந்தார்கள். நீளச் சொற்கள் பெரும்பாலும் இந்த வந்தேறிகள். இவை லத்தீன் வழக்கப்படி பின்னாலிருந்து எண்ணுகின்றன. நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் 1968-ல் வெளியிட்ட பெருநூலில் இந்த ஒழுங்கை விரிவாக எடுத்துக்காட்டினார்கள்.

விதியைத் தமிழ் வாசகருக்குச் சொல்வது சுலபம், ஏனென்றால் குறில், நெடில், ஒற்று நமக்கு வீட்டுச் சாமான். கடைசி ஒலியசையை விட்டுவிடுங்கள். அதற்கு முந்தையதைப் பாருங்கள். அதில் நெடிலோ, ஒற்றடுத்த குறிலோ இருந்தால் பாரம் அங்கேயே. தனிக்குறிலாக இருந்தால் இன்னும் ஓர் அடி பின்னால் போங்கள். அஜெண்டாவில் 'ஜெண்' ஒற்றோடு நிற்கிறது, அங்கே ஓங்கும். வராண்டாவில் 'ராண்', அரோமாவில் 'ரோ'. சினிமாவில் நடு 'னி' வெறும் குறில், ஆகவே 'சி' ஓங்கும். கனடாவும் கேமராவும் அப்படியே. அமெரிக்காவை ஆங்கிலேயர் 'ரி'யில் ஒற்றில்லாமல் சொல்வார்கள், அதனால் பாரம் 'மெ'யில்.

சில வால்கள் தாமே இடத்தைச் சொல்லிவிடும். 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை: எக்ஸாமினேஷனில் 'னே', எஜுகேஷனில் 'கே'. 'இக்' என்று முடிந்தாலும் முந்தையதுதான்: எலெக்ட்ரிக், டெமாக்ரடிக், எகனாமிக். 'லஜி', 'கிராஃபி', 'கிரஸி', 'இட்டி' என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது. பயாலஜி, சைக்காலஜி, டெமாக்ரஸி, யூனிவர்சிட்டி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண்ணிக்கை போதும். நாம் அடிக்கடி சொல்லும் சர்டிஃபிகேட் என்ற சொல்லில் பாரம் 'டிஃப்' மேல், கடைசியிலிருந்து மூன்றாவது. டெவலப்மெண்ட் முதலசையில் ஓங்குவதில்லை, இரண்டாவதில் ஓங்கும். ஹோட்டலும் அப்படியே. விதிக்குத் தப்பியவையும் இருக்கின்றன: டெலிவிஷன், பாலிடிக்ஸ் இரண்டும் முதலசையில் ஓங்கும். லேபரட்டரியில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் வெவ்வேறு இடத்தில் அடிப்பார்கள். அவர்களே ஒத்துப்போகாத சொல்லுக்கு நாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது அந்த லண்டன்காரரிடம் திரும்பலாம். ப-ன-வ-ட-லி-சத்-தி-ரம். கடைசி 'ரம்' விலக்கு. அதற்கு முந்தையது 'தி', தனிக்குறில், பாரம் தாங்காது. இன்னும் ஓர் அடி பின்னால் 'சத்', ஒற்றோடு திடமாக நிற்கிறது. அங்கேதான் அடிப்பார். நீளமான சொல் என்பதால் தொடக்கத்திலும் ஓர் இளைய அழுத்தம் வைப்பார். நடுவில் இருப்பவை மழுங்கும், 'லி' இருந்த தடமே தெரியாமல் போகலாம். இப்படி நசுங்கிய ஊர்ப்பெயர்களைப் பார்க்க நாம் லண்டன் போக வேண்டாம். திருச்சிராப்பள்ளி ஆங்கிலேயர் பதிவேடுகளில் 'டிரிச்சினாபொலி' ஆனது. அதில் பாரம் 'னாப்' மேல், கடைசியிலிருந்து மூன்றாவது, கணக்கு அப்படியே. 'பள்ளி' அந்தப் பாரத்தின் நிழலில் உருத்தெரியாமல் கரைந்துவிட்டது. திருநெல்வேலி 'டின்னவெலி' ஆனபோது 'ரு' தொலைந்தது. இந்தச் சிதைவுக்கெல்லாம் அழுத்தம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. கேட்ட காதும் எழுதிய கையும் இடையில் எத்தனையோ செய்திருக்கும். ஆனால் எந்த அசை பிழைத்தது, எது செத்தது என்று பார்த்தால் அழுத்தத்தின் கைவரிசை தெரியும். சங்கரன்கோவில் அந்தக் காலப் பதிவுகளில் சங்கரநயினார்கோவில் என்று முழு நீளத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி முடித்த கலெக்டர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட உண்டு.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். ஐதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர். கே. பன்சல், இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று சோதித்து 1969-ல் நூலாக்கினார். பிரிட்டிஷ் காதுகளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 70 விழுக்காடு புரிந்தது. புரியாமல் போனதற்கான காரணங்களில் இடம் தவறிய சொல்லழுத்தம் முக்கியமானது. மறுபக்கம், தாய்மொழியாக ஆங்கிலம் இல்லாத இருவர் தங்களுக்குள் பேசும்போது சொல்லழுத்தம் அவ்வளவு முக்கியம் இல்லை என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல் வாதிட்டார். அதில் உண்மை இருக்கிறது. சங்கரன்கோவில்காரரும் லூதியானாக்காரரும் ஆங்கிலத்தில் வியாபாரம் பேசும்போது யாரும் 'என்ன?' என்று கேட்பதில்லை. ஜான் ஃபீல்டு 2005-ல் கண்டதும் நமக்கு ஆறுதல்தான்: பாரம் தவறிச் சொல்லின் பின்பக்கம் நகர்ந்தால் கேட்பவர் அதிகம் தடுமாறுகிறார், முன்பக்கம் நகர்ந்தால் அவ்வளவு இல்லை. நம் நாக்கின் சாய்வு முன்பக்கம்தான்.

என் கருத்து இதுதான். நம் ஆங்கிலம் நம் ஆங்கிலமாகவே இருக்கட்டும், லண்டன் வாயைக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் கேட்பவருக்குச் சொல் பிடிபட வேண்டிய இடத்தில் பாரத்தை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் போவதற்குப் பிள்ளைகள் காரணம் இல்லை. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் 1981-ல் வந்த டி. பாலசுப்ரமணியனின் ஒலியியல் பாடநூலில் இதையெல்லாம் படிக்கிறார்கள். அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடம் பள்ளியில் சொல்லின் எழுத்துக்கூட்டும் பொருளும் மட்டும்தான் கிடைக்கிறது. கரும்பலகையில் புதுச் சொல் எழுதும்போது ஓங்கும் அசைக்கு அடியில் ஒரு கோடு இழுக்க ஆசிரியருக்கு ஒரு நொடி ஆகும். அகராதி பார்க்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உச்சரிப்பைக் காட்டும் இடத்தில் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும், அதற்கு அடுத்து வருவதுதான் ஓங்கும் அசை. கீழே இன்னொரு கோடு இருந்தால் அது இளைய அழுத்தம். சில அமெரிக்க அகராதிகள் அந்தக் குறியை அசைக்குப் பின்னால் போடும், எனவே முதல் பக்கங்களில் இருக்கும் விளக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் கோட்டைப் பாருங்கள்.